பின்னறையில் மடித்து வைத்தது

பின்னறைக் கதவைத் திறந்ததும் அவள் கண் தேடியது நேற்று உள்ளே தள்ளிய போர்வை மூட்டையைத்தான். மூட்டையைக் காணவில்லை. கதவை ஒட்டி அந்தப் போர்வை மட்டும் சதுரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல், நேற்று மூட்டைக்குள் சுருண்டு கிடந்த சட்டைகள், காலர் நிமிர்ந்து, கைகள் இரண்டும் பின்னால் ஒளிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன.

அவள் கதவைச் சாத்தினாள். சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து திறந்து பார்த்தபோதும் அப்படியேதான் இருந்தது.

வேறு யாருக்கானாலும் பயம் வந்திருக்கும். அவளுக்கு வந்தது வெட்கம். அந்த மடிப்பு அவளுடையது.

ரெடிமேட் துணிக்கடையில் ஆண்கள் சட்டைப் பிரிவில் நிற்பவள் அவள். வருகிறவர்கள் கைக்கு எட்டிய சட்டையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு, சும்மா பார்க்க வந்தோம் என்று நடையைக் கட்டுவார்கள். திரும்ப மடிக்க, முதலில் சட்டையைக் குப்புறப் போட வேண்டும். கைகளைப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு பக்கத்தையும் உள்ளே மடக்கி, கீழ்ப்பாதியை மேலே கொண்டுவந்து திருப்பி, கடைசியில் பெருவிரலால் காலரை நிமிர்த்திவிட வேண்டும். அவள் மடித்ததை, ஒருமுறை பிரித்த சட்டை என்று தைத்தவன்கூடச் சொல்ல மாட்டான். கடையில் அவள் பெயரே 'மடிப்பு' என்றாகிவிட்டது. மடிப்பு இருக்கும்வரை நமக்கு இஸ்திரிப் பெட்டி எதற்கு என்பார் முதலாளி.

அந்த மடிப்பின் வீட்டைப் பார்த்திருந்தால் மனிதர் மயங்கி விழுந்திருப்பார்.

கணவன் வேறொருத்தியோடு போன பிறகு அவள் வீட்டில் ஒரு கைக்குட்டையைக்கூட மடிக்கவில்லை. துவைத்ததும் துவைக்காததும் கட்டிலில் கலந்து கிடந்தன. சாப்பாட்டு மேசை என்று ஒன்று இருந்ததையே மேசைமேல் ஏறிய சாமான்கள் மறைத்துவிட்டன. யாராவது பெல் அடித்தால் மட்டும் அவளுக்கு எங்கிருந்தோ வேகம் வரும். கட்டில் போர்வையை உருவித் தரையில் விரித்து, கண்ணில் பட்டதையெல்லாம் அதில் வாரிப் போட்டு, நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து, பின்னறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவாள். வந்தவர் போனதும் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பாள். ஒரு மூட்டையைக்கூட எடுத்ததில்லை.

அக்கா வந்த அன்று அதற்கும் நேரம் இல்லாமல் போயிற்று. அழுக்குச் சீருடையோடு பிள்ளை பள்ளிக்கு வருகிறது என்று டீச்சர் போன் செய்தது அக்காவுக்கு. அக்கா நேராக வந்து நின்றாள். கதவைத் திறந்தது ஆறு வயது மகள் குட்டி. அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், கூடத்தைப் பார்த்தாள், திரும்பிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அக்கா திட்டிய எதுவும் அவளுக்கு நினைவில் இல்லை. கூடத்தின் நடுவில் ஒரு தட்டளவு இடம் ஒதுக்கி, குட்டி அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அந்தச் செருப்புச் சத்தமும் நினைவிருக்கிறது. நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது. அன்றே குட்டியை அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

இப்போது கெடு வைத்திருந்தாள். "ஞாயித்துக்கிழமை காலைல குட்டியோட வருவேன். வீடு வீடா இருந்தா விட்டுட்டுப் போறேன். இல்லன்னா அவ என்கிட்டயே வளரட்டும். யார் என்ன சொன்னாலும் சரி."

"சரிக்கா."

"வேணும்ங்கிறத வை. வேண்டாங்கிறதத் தூக்கிப் போடு. அப்புறம் பாக்கலாம்னு மட்டும் எதையும் வைக்காத. உன்னைக் கெடுத்ததே அந்த அப்புறம்தான்."

ஆகவே அந்த அடுக்கிய சட்டைகளைப் பார்த்தபோது, தூக்கக் கலக்கத்தில் தானே எழுந்து மடித்திருப்போம் என்று அவள் முடிவு கட்டினாள். சோர்ந்த மூளை என்னென்னவோ செய்யும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் பின்னறையைத் திறந்து காட்ட வேண்டுமே. அன்று காலை கடைக்குக் கிளம்பும்முன் இன்னொரு மூட்டையை உள்ளே தள்ளினாள்.

சாயங்காலம் வந்தபோது அதுவும் மடிந்திருந்தது.

அன்று முழுக்க அவள் கடையில் நின்றிருந்தாள். தானே மடித்தோம் என்று இனிச் சொல்லிக்கொள்ள முடியாது. அப்போதாவது அவள் அந்தக் கதவைப் பூட்டிவிட்டு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. சம்பளம் கேட்காத வேலைக்காரி கிடைத்தது போல உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே கூச்சமாக இருந்தது, இருந்தும் அடுத்த மூட்டையைக் கட்டினாள்.

வீடு வெளுத்துக்கொண்டு வந்தது. மேசை தெரிந்தது, பிறகு தரை தெரிந்தது, சன்னல் ஓரத்தில் காற்று வந்தது. அவள் சமையலறையில் பாத்திரம் தேய்க்கும்போது பின்னறையிலிருந்து சத்தங்கள் கேட்கத் தொடங்கின. முதலில் ஈரத் துணியை உதறுவது போல ஒரு படபடப்பு, பிறகு சிறிது நேரம் ஒன்றுமில்லை, பிறகு உள்ளங்கையால் துணியை மெல்ல நீவிவிடும் சர்ரென்ற நீண்ட ஓசை, அதை அவள் ஆயுசில் எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பாள், அது தன் கையிலிருந்து வராமல் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுதான் பிடரி மயிரைச் சிலிர்க்க வைத்தது. அறையின் பழைய புழுக்க நாற்றம் போய்விட்டது. கதவிடுக்கில் புதுத்துணிக் கஞ்சி வாசம் அடித்தது. அவள் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காதபடி பாத்திரத்தை இன்னும் ஓங்கித் தேய்த்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தபோது அறைக்குள் இரண்டு குவியல்கள் இருந்தன.

வலப்பக்கம் குட்டியினுடையவை. குட்டைப் பாவாடைகள், ஒற்றைக் காலுறைகள், நிறம் தேய்ந்த மெழுகுப் பென்சில்கள், பல் விழுந்த அன்று எடுத்த படம், எல்லாம் தூசி தட்டி வைக்கப்பட்டிருந்தன. இடப்பக்கம் அவளுடையவை. முடி சுற்றிய சீப்பு, குழம்புக் கறை படிந்த நைட்டிகள், பட்டை அறுந்த செருப்பு, பாதி தின்றுவிட்டு மறந்த மாத்திரை அட்டை. வேண்டியது எது, வேண்டாதது எது என்று யாரும் எழுதி ஒட்ட வேண்டியிருக்கவில்லை. பார்த்ததும் தெரிந்தது. அவளே பிரித்திருந்தாலும் அப்படித்தான் பிரித்திருப்பாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் அந்த அறையின் முன் தலைகுனிந்து நின்றாள்.

அதன்பிறகுதான் அவள் உள்ளே தள்ளாத பொருள்களும் உள்ளே போகத் தொடங்கின.

சனிக்கிழமை எழுந்தபோது தலைமாட்டில் தலையணை இல்லை. குளியலறைக் குவளையில் குட்டியின் சின்ன பிரஷ் மட்டும் நின்றது. அலமாரியில் அவள் தட்டு இருந்த இடம் துடைத்துவிட்டாற்போல் காலி. கொடியில் காயப்போட்ட இரண்டு சுடிதாரும் கடைச் சீருடையும் காணவில்லை. போட்டுக்கொண்டு போக ஒன்றுமில்லாமல், காய்ச்சல் என்று கடைக்குப் போன் செய்து பொய் சொன்னாள். பிறகு பின்னறைக் கதவைத் திறந்தாள். எல்லாம் இடப்பக்கத்தில் இருந்தன. குவியலின் உச்சியில் ஒரு புகைப்படம். அவளும் குட்டியும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரிக்கும் படம். அவள் இருந்த பாதி பின்னுக்கு மடிந்திருந்தது. நகத்தால் அழுத்தி நீவிய மடிப்பு. குட்டி தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எடுத்து விரிக்கக் கையை நீட்டினாள். உள்ளே, மூலையில் நின்ற பழைய அலமாரிக்குப் பின்னால், யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பது போல இருந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, நாளைக்கு வேண்டாமே."

"ஏன்? இன்னும் முடியலையா?"

அந்த 'இன்னும்' அவளைச் சுருக்கென்று குத்தியது. "முடிஞ்சிருச்சுக்கா. வீடு நல்லாத்தான் இருக்கு."

"பின்ன என்னடி?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அக்கா, என் வீட்டில் யாரோ இருக்கிறார்கள், வந்து என்னைக் கூட்டிப்போ. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. கதவுக்கு அந்தப் பக்கம் உள்ளங்கை துணியை நீவும் ஓசை நின்றது. அதுவும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா வருவாள், பின்னறையைத் திறப்பாள், இத்தனை வருடம் ஒளித்ததையெல்லாம் பார்ப்பாள், தங்கைக்குப் பைத்தியமும் பிடித்துவிட்டது என்று குட்டியை ஒரேயடியாகக் கொண்டுபோவாள்.

"ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான். நீ வா."

"இந்தா, குட்டிகிட்ட பேசு."

"அம்மா, என் கட்டில்ல இப்ப படுக்க இடம் இருக்கா?"

"இருக்குடா குட்டி. நிறைய இருக்கு."

"உனக்கு?"

அவள் அதற்குப் பதில் சொல்வதற்குள் குட்டி போனை வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை வீட்டுக்குள் வெயில் தரைவரை வந்து விழுந்தது. அவ்வளவு அழகான வீட்டை அவள் பார்த்ததில்லை. மேசைமேல் ஒரு துணிவிரிப்பு. குட்டியின் கட்டிலில் சுருக்கமில்லாத விரிப்பு. கண்ணாடிகூடப் பளிச்சென்று இருந்தது. பின்னறையைப் பூட்டிச் சாவியைச் சமையலறை டப்பாவுக்குள் போட்டுவிட்டால் போதும். குட்டி வந்துவிடுவாள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பூட்டைக் கையில் எடுத்தபோது பெல் அடித்தது.

உடம்பு தானாகச் சுழன்றது. எதை மறைப்பது? கூடம் சுத்தம். கட்டில் சுத்தம். சமையலறை சுத்தம். அவள் கண் அறை அறையாக ஓடிக் கண்ணாடியில் வந்து நின்றது. இரண்டு நாளாக வாராத தலை. மார்பில் மஞ்சள் கறை படிந்த நைட்டி. கன்னத்தில், தலையணையின்றிப் படுத்த பாயின் அச்சு. இந்த வீட்டில் இனி அசிங்கமாக இருந்தது அவள் ஒருத்திதான்.

அக்கா பார்க்கக் கூடாது.

ஒரு சுடிதாரை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஒரே நிமிடம்.

"அம்மா! நாங்க வந்துட்டோம்!" என்றாள் குட்டி வாசலில்.

அவள் பின்னறைக்குள் ஓடினாள். இடப்பக்கக் குவியல் மாறியிருந்தது. நேற்று உச்சியில் இருந்த புகைப்படம் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. துணிகளுக்கு நடுவே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அகலமாக இல்லை. ஓர் ஆள் அளவுக்கு. மடித்து வைத்தால்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

மெதுவாகத்தான்.

கஞ்சி வாசம். தோள்மேல் இரண்டு உள்ளங்கை. சூடில்லை, குளிர்ச்சியுமில்லை. காலர் நிமிர்த்தி நிமிர்த்தி நுனி தடித்துப்போன பெருவிரல். அவள் பெருவிரல் அப்படித்தான் தடித்திருக்கும். கத்த நினைத்தாள். வாசலில் அக்கா நிற்கிறாள். கத்தினால் அக்காவுக்குக் கேட்கும்.

கத்தவில்லை.

குப்புறப் போட்டது. கைகளைப் பின்னுக்குக் கொண்டுபோனது. வலிக்கும் என்று நினைத்தாள். வலிக்கவில்லை. வலிக்காததுதான் பயமாக இருந்தது. இடப்பக்கம் உள்ளே. வலப்பக்கம் உள்ளே. நீவியது. ஒருமுறை. இன்னொரு முறை. காலை மேலே கொண்டுவந்தது. திருப்பியது. பெருவிரல் அவள் தாடையைத் தொட்டு முகத்தை நேராக நிமிர்த்தியது.

பிறகு அது அவளுடைய கடைச் சீருடையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனது.

வாசல் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. வெறுங்கால் கூடத்தில் நடந்து வந்து நின்றது, திரும்பிப் போகவில்லை.

"அடியே," என்றாள் அக்கா. குரல் உடைந்தது. "இது உன் வீடா?"

"வாக்கா, உக்காரு," என்றது அவள் குரல்.

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். குட்டி அறை அறையாக ஓடினாள். கட்டில் கிறீச்சிட்டது. பிறகு சின்னக் காலடி பின்னறைப் பக்கம் வந்தது.

"அம்மா, இதுக்குள்ள என்ன?"

"வேண்டாததும்மா. மதியம் குப்பை வண்டிக்காரர் வந்து எடுத்துட்டுப் போயிடுவார்."

"நான் பாக்கட்டா?"

"பாரேன்."

கதவு திறந்தது. வெளிச்சத்தில் குட்டி, அவள் தோளில் ஒரு கை. நகம் வெட்டிய, தடித்த பெருவிரல் கொண்ட, சுத்தமான கை. கன்னத்தோடு கன்னம் வைத்து இருவரும் குனிந்து பார்த்தார்கள். குட்டியின் கண் செருப்பின்மேல் போனது, நைட்டிகளின்மேல் போனது, நடுவில் இருந்ததன்மேல் வந்து நின்றது. மடிந்து கிடந்தவளால் இமைக்க முடிந்தது. அது மட்டும்தான் முடிந்தது. இமைத்தாள். மறுபடியும் இமைத்தாள்.

குட்டி விரலை நீட்டி அவள் நெற்றியில் இருந்த ஒரு சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"எவ்ளோ அழகா மடிச்சிருக்கம்மா," என்றாள்.