பெட்டியின் கனம்

தச்சரின் சாமான் பையை வீட்டுக்காரர் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தார். சுத்தியல், ரம்பம், இழைப்புளி, ஆணி டப்பா எல்லாம் கூடத்துத் தரையில் சிதறின. தச்சர் சுவரோடு ஒட்டி நின்றார். சட்டையின் மேல் பொத்தான் பிய்ந்து நூலில் தொங்கியது.

"கைய எடுங்க. அது என் வேலை," என்றார் இன்ஸ்பெக்டர்.

காலை ஒன்பதரை. விடிய விடிய பந்தோபஸ்து முடித்துவிட்டு வந்த மனிதர். கண்ணில் மணலை அள்ளிப் போட்டது மாதிரி எரிச்சல். உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. நாற்காலிகளையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் போர்வை போட்டு மூடியிருந்தார்கள். மர வேலை நடக்கிற வீடு.

"எங்க அக்காவோட நகைப்பெட்டி சார்," வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கியது. "பூட்டை உடைச்சு, துணியில சுத்திச் சுத்தி வச்சிருந்ததை அப்படியே வழிச்சுட்டுப் போயிட்டான். நாப்பது பவுன். நேத்து அவன்தான் பெட்டியைத் தூக்கி இடம் மாத்தினான். பக்கத்துலயே அவன் உளி கிடக்குது. இன்னும் என்ன சார் வேணும்?"

இன்ஸ்பெக்டருக்குத் தூக்கம் வேண்டும். அதைச் சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். புருஷனை இழந்த அக்கா ஆறு வருஷமாகத் தம்பி வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். அந்த அறையில் சுவர் அலமாரி அடிக்க இந்தத் தச்சரை வரச்சொன்னார்கள். நேற்று அறையைக் காலி செய்தபோது பெட்டி மாடிப்படிக்கு அடியில் இருந்த சாமான் அறைக்குப் போனது. காலையில் பால் வாங்கப் போய்த் திரும்பிய தம்பி மனைவி, உடைந்த பெட்டியைப் பார்த்துக் கத்தினார். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுவிட்டார். எதுவும் தெரியாமல் வழக்கம்போல வேலைக்கு வந்த தச்சர் வாசலிலேயே மாட்டிக்கொண்டார்.

சாமான் அறையில் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பூட்டு வளைந்திருந்தது. பக்கத்தில் உளி.

"உன்னுதா?"

தச்சர் உளியின் வாயை விரலால் தடவிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "பல்லு பல்லா பேத்திருக்கான் சார். மரத்துல போடுற உளிய இரும்புல போட்டிருக்கான். பைய இங்கயே வச்சுட்டுப் போனது என் தப்பு."

"இப்ப உன் உளிதான் கவலையா?"

"வேற என்ன சார் சொல்றது? எடுக்கலன்னா நம்பவா போறீங்க? ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வந்தவன்னு ஒரு பேரு வந்துட்டா, அப்புறம் எவன் என்னை வீட்டுக்குள்ள விடுவான்? எங்க வேலையே அடுத்தவங்க பெட்ரூம்ல."

திருடிவிட்டு மறுநாள் ஒழுங்காக வேலைக்கு வருகிறவனை இன்ஸ்பெக்டர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. சொந்த உளியைக் கெடுத்துக்கொள்கிற தச்சனையும் பார்த்ததில்லை. ஆனால் ரெண்டும் சாட்சி ஆகாது.

கூடத்து மூலையில் அக்கா நின்றிருந்தார். அழவில்லை.

"கேஸெல்லாம் வேணாம் சார்," என்றார் மெதுவாக. "போனது போகட்டும். அந்தாளை விட்டுடுங்க. பாவம்."

"அக்கா, நீ சும்மா இரு. நாப்பது பவுன், நாலு காசு இல்ல," தம்பி அதட்டினார்.

இன்ஸ்பெக்டர் அந்த அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு மூக்குத்தி தொலைந்தாலே ஸ்டேஷன் கூரை பறக்க அழுகிறவர்களைத்தான் அவருக்குப் பார்த்துப் பழக்கம்.

"பெட்டி சாவி யார்கிட்ட இருக்கும்மா?"

"என்கிட்டதான். இடுப்புலயே இருக்கும்."

"உள்ள இருந்ததை யாராவது பாத்திருக்காங்களா?"

"யாருக்கும் திறந்து காட்டினதில்ல."

தம்பி மனைவி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார். டம்ளரை வைக்க இடம் தேடிய இன்ஸ்பெக்டர், கூடத்தின் நடுவே கிடத்தியிருந்த பலகையில் கையை ஊன்றினார். உள்ளங்கை முழுக்க மரத்தூள்.

"இது என்னய்யா?"

"அலமாரிக் கதவு சார். மைக்கா ஒட்டி, பசை காயறதுக்குப் பாரம் வச்சிருக்கேன். அதுக்கப்புறம் மிச்சப் பலகையெல்லாம் மெஷின்ல அறுத்தேன். அந்தத் தூள்தான்."

"காலையில கூட்டலாம்னு இருந்தேன் சார்," என்றார் தம்பி மனைவி. "அதுக்குள்ள இந்தக் கூத்து."

தூள் எல்லாவற்றின் மேலும் மாவு சலித்த மாதிரி படிந்திருந்தது. பலகையின் மேல் இருந்த செங்கல்களின் மேல், பெயிண்ட் டப்பாவின் மேல். ஆனால் ஓரமாக இருந்த பழைய இரும்பு எடைக்கற்கள் நாலைந்து மட்டும் கறுகறுவென்று பளிச்சென்றிருந்தன. இன்ஸ்பெக்டர் ஒன்றைத் தூக்கினார். அடியில் இருந்த பலகையில் வெள்ளைத் தூள், வட்டமாக நசுங்கியிருந்தது.

"இதை நீ வச்சியா?"

தச்சர் எட்டிப் பார்த்தார். "இல்ல சார். செங்கல்லும் டப்பாவும்தான் வச்சேன். எடைக்கல்லை நான் பாக்கவே இல்ல."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் இன்ஸ்பெக்டருக்குத் தூக்கம் கலைந்தது.

"தச்சர் போனதுக்கப்புறம் யாரோ இதைக் கொண்டாந்து இங்க வச்சிருக்காங்க," என்றார். "பாரத்தோட பாரமா இருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்கன்னு. அதுக்கு முன்னாடி இது எங்க இருந்துச்சு?"

கல்லை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார்.

"பெட்டிக்குள்ள. நகைன்னு நெனச்சு எடுத்தவரு, வெளிச்சத்துல பிரிச்சுப் பாத்தா இரும்பு. அதுக்குள்ள ஆள் வர்ற சத்தம். திரும்பக் கொண்டுபோய் வைக்க நேரமில்ல." டம்ளரைக் காலி செய்துவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார். "ஏன் சார், பூட்டியே இருந்த பெட்டி. சாவி அக்கா இடுப்புல. யாரும் உள்ள பாத்ததில்ல. நான் வாசப்படி தாண்டினதும் நீங்க சொன்னீங்க, துணியில சுத்திச் சுத்தி வச்சிருந்துச்சுன்னு. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தம்பி அக்காவைக் கை நீட்டிக் காட்டிக் கத்தினார்.

"நகையே இல்ல சார் அதுல. இரும்பு, அத்தனையும் இரும்பு. ஆறு வருஷமா இரும்பை வச்சுக்கிட்டு எங்களை ஏமாத்தியிருக்கா. நான் திருடனா, அவ திருடியா?"

"அதைக் கோர்ட்டுல கேளுங்க. ஒண்ணுந்தெரியாத ஆளு சட்டையப் பிடிச்சதுக்கும் சேத்து." இன்ஸ்பெக்டர் தச்சரைப் பார்த்துத் தலையசைத்தார். "சாமானைப் பொறுக்கிக்கோ. உன் பேரு எங்கயும் ஏறாது."

தச்சர் குனிந்து ஆணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். அக்கா அங்கேயே, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவர் கடை எடைக்கல்லு," என்றார், யாரையும் பார்க்காமல். "நகையெல்லாம் அவர் வைத்தியத்துக்கே போயிடுச்சு. கடைசியில மிஞ்சினது இதுதான். வெறுங்கையோட வந்தா எத்தனை நாளைக்கு வச்சிருப்பாங்கன்னு பயம். பெட்டி கனமா இருந்தா, எனக்கும் ஒரு மூலை இருக்கும்னு நெனச்சேன்." புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு தம்பி மனைவியை நிமிர்ந்து பார்த்தார். "இன்னைக்கே கெளம்பிடறேம்மா. உன்னைத்தான் ரொம்ப ஏமாத்திட்டேன்."

தம்பி மனைவி காலி டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினார். புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க கெளம்புறீங்க? உக்காருங்க அண்ணி," என்றார். "நீங்க வந்த மறு மாசம், காய்ச்சல்ல கிடந்தப்ப சாவி கட்டில்லயே விழுந்து கிடந்துச்சு. திறந்து பாத்துட்டு, திரும்பப் பூட்டி உங்க இடுப்புலயே சொருகினது நான்தான்."