தூங்கும் அப்பாக்கள் சங்கம்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் இருக்கும் அந்த நீளமான கூடத்தில் அப்பாக்கள் தூங்கப் போய்விடுவார்கள். ஒவ்வொரு அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலும் இன்னொரு கட்டில், அதில் அவருடைய பிள்ளை. நடுவில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி. அதுதான் கனவுப்பாலம். அதிலிருந்து கிளம்பும் இரண்டு நெற்றிப்பட்டைகளில் ஒன்று அப்பாவின் தலையிலும் மற்றது பிள்ளையின் தலையிலும் ஏறிக்கொள்ளும். சன்னல்களைச் சாத்தி விளக்கை அணைத்துவிட்டால், கொஞ்ச நேரத்தில் எது குறட்டை, எது கடல் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஊரில் அதற்கு வைத்த பெயர் தூங்குமூஞ்சிச் சங்கம். இருதயராஜின் மனைவி ரெஜினாவே அப்படித்தான் சொல்வாள். வேலைக்குச் சங்கம் வைத்தவர்கள் உண்டு, சம்பளத்துக்குச் சங்கம் வைத்தவர்கள் உண்டு, தூக்கத்துக்குச் சங்கம் வைத்த மகராசன்களை இங்கேதான் பார்க்கிறேன் என்பாள். சொல்லிவிட்டு, மகளின் தலையைப் பட்டைக்கு ஏற்றபடி தழையப் பின்னி அனுப்பிவைப்பாள்.

சங்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள். பாலம் வருவதற்கு முன்னாலும் இந்த அப்பாக்கள் கூடிக்கொண்டுதான் இருந்தார்கள். பரீட்சைக்குச் சொல்வதைக் கேட்டு எழுத ஆள் எங்கே கிடைக்கும், அடுப்பைப் பற்றவைக்க எந்த வயதில் சொல்லிக்கொடுக்கலாம், பேருந்தில் தனியாக அனுப்பிவிட்டு நெஞ்சு அடித்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்றெல்லாம் பேசுவார்கள். சங்கத்தின் மூத்த அப்பா பேச்சிமுத்து. மகனின் கஷ்டம் தனக்கும் தெரிய வேண்டும் என்று ஒரு நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்து, நேராகச் சாக்கடையில் இறங்கினார். அவரைத் தூக்கிவிட்டது மகன்தான். அம்மாக்களிடம் சொன்னால் பதறுவார்கள் என்று நினைத்ததை எல்லாம் இந்த ஆண்கள் இங்கே வந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பாலம் வந்ததும் பேச்சு குறைந்து தூக்கம் தொடங்கியது. மூளையின் பின்பக்கத்தில் பார்வைக்கென்று ஓர் இடம் இருக்கிறது, கண் திறக்காத பிள்ளைகளுக்கு அது காலியாகவே கிடக்கும், பார்வை உள்ள ஒருவரின் கனவை அங்கே பாய்ச்சினால் தூங்கும் நேரத்துக்காவது அந்தப் பிள்ளை பார்க்கும் என்றார்கள் அதைச் செய்தவர்கள். பதினைந்து வயதுவரைதான். அதற்கு மேல் அந்த இடம் இறுகிவிடும், பட்டை பிடிக்காது.

முதல் ஞாயிறு எழுந்ததும் இருதயராஜின் மகள் பெனிட்டா, "நீலமா, பெருசா, ஆடிக்கிட்டே இருந்திச்சிப்பா" என்றாள். இருதயராஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், கல்லுப் போன்ற மனிதர். அத்தனை பேர் முன்னால் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

அழுகைக்குள் ஒரு திருட்டுத்தனமும் இருந்தது. அவர் அன்று நீலம் எதையும் கனவில் காணவில்லை. உண்மையைச் சொன்னால், எதையுமே காணவில்லை.

அந்தத் தூக்கத்தில் அவர் ஓர் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். தகரக் கூரையில் மழை பெய்தது. அது பெய்கிற சத்தத்திலேயே கூரை எவ்வளவு அகலம், எந்த மூலையில் சரிகிறது, எங்கே ஓட்டை என்று அவருக்கு முழுசாகத் தெரிந்தது. மீன் பொரிகிற வாசனை இடப்பக்கம் ஓர் அறையைக் கட்டியது. சுவரைத் தொடுவதற்கு முன்னாலேயே கன்னத்தில் சுவர் தெரிந்தது. யாரோ தூரத்தில் ஒரு குடத்தை வைத்தார்கள். வைத்த மாத்திரத்தில் முற்றம் பிறந்தது. வெளிச்சம் என்பதே இல்லை, ஆனால் இருட்டாகவும் இல்லை. எழுந்தபோது, இப்படி ஓர் இடத்தை விட்டு வந்துவிட்டோமே என்று ஏக்கமாக இருந்தது.

பிறகு பயம் பிடித்துக்கொண்டது. படம் இல்லாத கனவைக் கண்டால் மகளுக்கு எதை அனுப்புவது? தன் தலையில்தான் கோளாறு என்று முடிவுசெய்தார். சுற்றிலும் மற்ற அப்பாக்கள் என்ன அனுப்பினோம் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சிமுத்து குற்றாலத்து அருவியையே அனுப்பியிருந்தார். இருதயராஜும் சூரிய உதயம் என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தார். வீட்டில் வேலைக் களைப்பில் அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறவருக்குக் கனவே நினைவில் நிற்பதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் இங்கே அதே உலகம் வந்தது. ஒரு வாரம் பள்ளிக்கூட மணி, ஒரு வாரம் ஈரமான வேப்பமரத்தின் பட்டை, ஒரு வாரம் பெயர் தெரியாத ஒரு பெரிய மண்டபத்தின் எதிரொலி. வெட்கத்தோடு போய், சந்தோஷத்தோடு தூங்கி, பொய்யோடு எழுந்து வந்தார். இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

பெனிட்டாவுக்குப் பதினைந்து முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. அதற்குள் அவள் ஒரே ஒரு தடவையாவது நிஜமாகப் பார்த்துவிட வேண்டும். இருதயராஜுக்குச் சோறு இறங்கவில்லை. தன்னுடைய கெட்டுப்போன கனவுகளிலிருந்து அவளுக்குத் துண்டும் துணுக்குமாக என்ன கிடைத்திருக்குமோ என்று நினைத்து நினைத்து மருகினார். கடைசியில் மானத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பேச்சிமுத்துவைக் கூடத்துக்கு வெளியே கூட்டிப்போனார்.

"அண்ணாச்சி, ஒரு நாள் எம் மவளுக்கு நீங்க தூங்கணும்."

பேச்சிமுத்துவுக்கு விளங்கவில்லை. இருதயராஜ் எல்லாவற்றையும் கொட்டினார். எனக்குப் படம் வரவில்லை, ஆரம்பத்திலிருந்தே வரவில்லை, நீங்கள் என் கட்டிலில் படுத்து அந்த அருவியை ஒரே ஒரு தடவை பெனிட்டாவுக்குக் காட்டிவிடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

பேச்சிமுத்து கையை உருவிக்கொள்ளவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தம்பி, இங்க வந்து படுத்து நானே ஒரு அருவியும் பாக்கல. சத்தந்தான் கேக்கும். சாரல் மேல வந்து விழும். அம்புட்டுத்தான். நீங்கள்லாம் படம் படமா அனுப்புதியளேன்னு நான் பொறாமைப்பட்டுக்கிட்டுல்லா இருந்தேன்."

இருவரும் உள்ளே போய் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னார்கள். அன்று அந்தக் கூடத்தில் நடந்ததைப் போல வேறெங்கும் நடந்திருக்காது. வளர்ந்த ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து, நான் சொன்ன மயில் பொய், நான் சொன்ன கோபுரம் பொய் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒருவர்கூட ஒரு படத்தையும் கனவில் கண்டிருக்கவில்லை.

பாலத்தைக் கவனித்துக்கொள்ளும் டாக்டர் நாச்சியார் பதிவுகளை எடுத்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கனவும் தண்ணீர் மாதிரிதான், மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் பாயும் என்று அவர் விளக்கினார். அடர்ந்த கனவு எந்தத் தலையில் இருக்கிறதோ அங்கிருந்து மெலிந்த கனவு இருக்கும் தலைக்குப் போகும். பார்வை உள்ளவரின் கனவுதான் அடர்த்தி என்று பாலத்தைச் செய்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அளந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. காலி என்று நினைத்த அந்த இடம் காலியாக இருக்கவில்லை. பிள்ளைகள் அங்கே சத்தத்தையும் வாசனையையும் தொடுதலையும் கொண்டுவந்து எப்போதோ குடிவைத்துவிட்டார்கள். இரண்டு வருடமாகக் கனவு கண்டவர்கள் பிள்ளைகள். அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவர்கள் அப்பாக்கள்.

"அப்ப இந்தப் பிள்ளைங்க நீலம், பச்சைன்னு சொன்னதெல்லாம்?" என்று பேச்சிமுத்து கேட்டார்.

பிள்ளைகள் பக்கத்திலிருந்து பெனிட்டா எழுந்தாள். முதல் நாள் எல்லாரும் ஆசையாகக் காத்திருந்ததால் வாய்க்கு வந்தபடி நீலம் என்று சொன்னேன், அப்பா சந்தோஷத்தில் அழுதார், அதைக் கெடுக்க மனம் வரவில்லை, மற்றவர்களுக்கும் அதே நிலைமைதான் என்றாள். அப்பாக்களைச் சமாளிக்கப் பிள்ளைகளும் ஒரு சங்கம் வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. புதிதாக வரும் பிள்ளைக்கு மூத்த பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தார்கள். வானம் என்றால் நீலம், இலை என்றால் பச்சை, ரொம்ப அளக்காதே, அப்பா அழுதால் முதுகைத் தடவிக்கொடு. பேச்சிமுத்துவின் மகன் ஒரு தடவை யானை சிவப்பாக இருந்தது என்று உளறிவிட்டான். பேச்சிமுத்துவோ, அது முகபடாம் போட்ட யானையாக இருக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கூடமே சிரித்தது. இருதயராஜ் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு வருடம் வீணாகிப்போயிற்று, மகள் எதையும் பார்க்கவில்லை, நாளும் முடியப்போகிறது.

பெட்டிக்குள் வால்வு போல ஒரு தடுப்பிதழைப் பொருத்தினால் கனவை ஒரே திசையில், அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, வலிந்து செலுத்தலாம் என்றார் டாக்டர். பொருத்தி முடிக்கும்போது பெனிட்டாவுக்கு ஒரு ஞாயிறுதான் மிஞ்சும். இருதயராஜ் மகளிடம் கேட்டார். உனக்கு வேண்டுமா, வேண்டாமா, எனக்காகச் சொல்லாதே என்றார்.

அவள் யோசித்தாள். "கலர் மேல எனக்கு ஆசையெல்லாம் இல்லப்பா. ஆனா நீங்க ஏன் இம்புட்டுத் தவிக்கியன்னு தெரிஞ்சிக்கிடணும். அனுப்புங்க."

அந்த ஞாயிறுக்கு முந்தின வாரம் முழுவதும் இருதயராஜ் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப் போல் உலகத்தைப் பார்த்தார். விடியற்காலையில் கடற்கரையில் நின்று சூரியன் எழுவதை இமைக்காமல் பார்த்து மனப்பாடம் செய்தார். உப்பளத்து வெள்ளையைப் பார்த்தார். ரெஜினாவை முன்னால் உட்காரவைத்து முகத்தைப் பார்த்தார். அவள் வெட்கப்பட்டு, போதும் எழுந்திரும் என்று விரட்டினாள். சங்கத்து அப்பாக்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் கிளி காட்டக் கூட்டிப்போனார். கடைசி ஞாயிறு அவர் கட்டிலில் படுத்தபோது அவருக்குள் நிறங்கள் விளிம்புவரை நிறைந்து தளும்பியதாகத்தான் தோன்றியது.

தூக்கம் வந்தது. கடற்கரையில் நின்றுகொண்டிருந்தார். சூரியனுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. வலது கன்னம் மட்டும் மெல்லச் சூடேறியது. ஈர மணல் காலடியில் குளிர்ந்து, அலை வந்து போகிற ஒவ்வொரு தடவையும் கரை நீண்டு சுருங்கியது. எங்கோ படகுக் கயிறு முனகியது. திடீரென்று, பெனிட்டா பக்கத்தில் இல்லை என்று தெரிந்தது. கூப்பிட்டார். குரல் போய் எதிலும் மோதாமல் அப்படியே போய்க்கொண்டிருந்தது. நெஞ்சுக்குள் ஒரு பள்ளம் விழுந்தது. அவ்வளவு பெரிய வெளியில் அவர் ஒருவரே நின்றார், காது மட்டுமாக நின்றார். அப்போது வெகு தொலைவில் மணலில் காலடிச் சத்தம். இடது கால் வலதைவிடக் கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது. ஈரப் பாவாடை ஓரம் கணுக்காலில் தட்டித் தட்டி வந்தது. மூக்குக்குள்ளேயே ஒரு பாட்டு. அந்தக் காலடி நெருங்க நெருங்கப் பள்ளம் தூர்ந்து, அவருடைய உடம்பு முழுக்கச் சூடு பரவியது.

விழித்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு நிறமும் வரவில்லை. டாக்டர் நாச்சியார் திரையைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். வாராவாரம் பிள்ளைகளின் கனவிலேயே கிடந்து அப்பாக்களின் மூளை படம் வரைவதையே விட்டிருந்தது, ஒருவேளை எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், நாளாக ஆகத் திரும்பி வரலாம். "உங்ககிட்ட என்ன இருந்துச்சோ, அதுதான் போயிருக்கு" என்றார்.

அவளிடமிருந்து வாங்கியதையே அவளுக்கு அனுப்பியிருக்கிறார். இருந்த ஒரே வாய்ப்பும் போயிற்று. மன்னிப்புக் கேட்க மகள் பக்கம் திரும்பினார். அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் வைத்து, மூச்சை அடக்கினாற்போல் படுத்திருந்தாள்.

"படம் வரலம்மா. அப்பாவுக்கு அனுப்பத் தெரியல."

"படம் வரலப்பா. நான் வந்தேன்."

"எடது கால அழுத்தி வைக்கேனா நான்?"

"ஆமா. நடக்க ஆரம்பிச்சதுல இருந்தே."

"நான் இருக்கத நான் இதுவரைக்கும் வெளிய இருந்து கேட்டதே இல்ல." அவள் கையை நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை. "அப்பா, அந்தப் பயம். நான் வீட்டுக்கு வந்து சேர்றது வரைக்கும் அப்படித்தான் இருப்பியளா?"

பொய் சொல்லிப் பழகிய கூடம்தான் அது. ஆனாலும் அவரால் முடியவில்லை. "தினமும்தான்" என்றார்.

பெனிட்டா டாக்டரைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை தூங்கலாமா என்று கேட்டாள். இந்த இரண்டு வருடத்தில் அவளாகக் கேட்டது அதுவே முதல் தடவை. தூக்கத்தின் கடைசியிலேயே பட்டை பிடிமானம் விட்டுவிட்டது, இனி பிடிக்காது என்றார் டாக்டர். அவள் பட்டையைத் தானே கழற்றித் தலைமாட்டில் வைத்தாள். அப்பாவின் பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள்.

"சரி, அப்ப வாயால சொல்லுங்க. நான் சிரிச்சா எப்படிக் கேக்கும்?"

இருதயராஜுக்கு எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. நீ சிரிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு இழுப்பாய், அது எனக்கு அடுத்த அறையிலிருந்தே கேட்கும் என்று தட்டுத் தடுமாறிச் சொல்லத் தொடங்கினார். அவள் இன்னும், இன்னும் என்றாள். கூடத்தில் மற்ற அப்பாக்களும் பிள்ளைகளும் எப்போதோ விழித்துவிட்டிருந்தார்கள். ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை.