மண் மூடக் கூடாத விதை

"செத்துப்போன விதைய வித்திருக்கீங்க!"

மழையோடு மழையாக உள்ளே வந்தது அந்தக் குரல். பாரிவாக்கம் சாலையோர நாற்றுப்பண்ணையில் சாக்குத் திரையை இறக்கிக் கட்டிக்கொண்டிருந்த பரந்தாமன் திரும்பினான். தொப்பலாக நனைந்த ஒரு பெண். கையில் கிழிந்த விதைப் பாக்கெட். கண்கள்... அப்பப்பா, எவ்வளவு பெரிய கண்கள்! அத்தனையும் கோபம்.

"இன்னாங்க ஆச்சு?"

"மூணு வாரமாச்சு. ஒண்ணுகூட முளைக்கல."

பாக்கெட்டை வாங்கிப் பார்த்தான். மஞ்சள் இதழ்கள், நடுவே கறுப்பு விழி. பிளாக் ஐடு சூசன். அவன் பண்ணையில் அதற்குக் கருவிழிப் பூ என்று பேர்.

"எப்படிப் போட்டீங்க?"

"குழி தோண்டி, விதையப் போட்டு, மேல எருவும் மண்ணும் போட்டு மூடினேன். வேற எப்படிப் போடுவாங்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பூசணி வெதைன்னு நெனச்சீங்களா? இதுக்கு வெளிச்சம் வோணுங்க. மண்ணு மேல தூவி, உள்ளங்கையால லேசா அமுக்கி வுட்டா போதும். மூடினா எங்கேந்து வரும்? தப்பு ஒங்க மேலதான்."

கோபம் வடிந்து, அந்தக் கண்கள் நிரம்பின. சிரித்த முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று பரந்தாமனுக்குத் தெரியவில்லை.

பேர் ஞானகுமாரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் டைப்பிஸ்ட். வீடு காட்டுப்பாக்கம். போன பிப்ரவரியில் அம்மா சகாயம்மாள் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக் காலண்டரில் இந்தப் பூவைப் பார்த்து, 'எப்பவும் முழிச்சிக்கிட்டே இருக்கு பாரேன்' என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாளாம். வரும் பிப்ரவரி பதினாறோடு முதல் வருஷம். பாதிரியார் வந்து கல்லறையை மந்திரிக்கும் அந்த நாளில் இந்தப் பூவைத்தான் வைப்பேன் என்று, சவப்பெட்டியின் மேல் பிடிமண் போட்டபோதே மனசுக்குள் சத்தியம் செய்திருந்தாள்.

'அங்கேயும் மண்ணைப் போட்டு மூடினேன்... இங்கேயும் மூடிட்டேன்.'

பரந்தாமன் உள்ளே போய், முந்தின நாள்தான் வந்த புதுப் பாக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினான். "இன்னும் நாலு மாசம் கீது. பூத்துடும்... நான் பொறுப்பு."

சனிக்கிழமைதோறும் வேலை முடிந்து பண்ணையில் வந்து நின்றாள். அவள் சந்தேகங்களுக்கு முடிவே இல்லை.

"இலையெல்லாம் முடி முடியா இருக்கே... நோயா?"

"சுணைங்க. அதோட சொபாவமே அப்படித்தான். கிட்டப் போனா குத்தும்... ஒங்கள மாதிரி."

"பேச்சப் பாரு!"

முறைத்தாள். ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்தாள். அம்மா போனபின் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. உடனே குற்ற உணர்வாகவும் இருந்தது.

டிசம்பரில் நாற்றுகளைப் பிரித்து நட்டுத்தர அவனே வீட்டுக்கு வந்தான். மாமர நிழல் விழாத இடமே அந்தச் சின்னத் தோட்டத்தில் இல்லை. கடைசி நாற்றை நட்டு நிமிர்ந்தபோது, வாசலில் அவள் அப்பா எட்மண்ட் நின்றிருந்தார்.

"நட்டாச்சுல்ல தம்பி? இனிமே நாங்க பாத்துக்கறோம். பொண்ணு இருக்கிற வீடு... நீங்க வேற, நாங்க வேற. இந்தப் பக்கம் வரவேணாம்."

பரந்தாமன் அவளைப் பார்த்தான். ஒரே ஒரு வார்த்தைக்காகப் பார்த்தான். அவள் குனிந்துகொண்டாள். அவன் குழாயடியில் கை கழுவிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப்பிறகு சனிக்கிழமைகள் வெறும் சனிக்கிழமைகள் ஆயின. எந்த முகத்தோடு போவாள்?

பிப்ரவரி பதினைந்து. நிழலில் வளர்ந்த செடிகளில் இறுக்கமான பச்சை மொட்டுகள் மட்டுமே. வெட்டிவைத்தால் விரியாது, செடியிலேயே விரிந்த பிறகுதான் வெட்டவேண்டும் என்று அவன் சொல்லியிருந்தான். அவன் பண்ணையில் கேட்டால் கிடைக்கும்... கேட்க வாய் வரவில்லை. 'மன்னிச்சிடும்மா' என்று தலையணையில் அழுதாள்.

மறுநாள் காலை பனிமூட்டம். மெழுகுவர்த்தியோடு அப்பா, வெறுங்கையோடு அவள். கல்லறைத்தோட்ட வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. அதன் அருகே பரந்தாமன். காலடியில் ஒரு வாளி. அடி இலைகளைக் கிள்ளி நீக்கிய நீளத் தண்டுகளில், வாளி நிறைய மஞ்சள்... ஒவ்வொன்றின் நடுவிலும் விழித்திருக்கும் கறுப்பு.

"அம்மாவுக்கு, சார்."

எட்மண்ட் அவனை நெடுநேரம் பார்த்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.

அவள் நகரவில்லை.

"ஒண்ணு சொல்லணும்," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "நீங்க சண்டைக்கு வந்த அன்னிக்கே, அந்தக் கிழிஞ்ச பாக்கெட்டுல மிச்சமிருந்த வெதைய ஒரு தொட்டியில தூவினேன். மூடாமத்தான். ஒண்ணுகூட வரல. அது நெசமாவே செத்த வெதைங்க. தப்பு என் மேல."

இத்தனை நாள் தன் கையால்தான் கெட்டது என்று தன்னையே நொந்துகொண்டிருந்தாளே! "ஏன் அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா சந்தேகம் கேக்க வந்திருக்க மாட்டீங்க... ஒங்களப் பாக்காம என்னால இருக்க முடியாதுன்னு ஆயிடுச்சி."

உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றியாகிவிட்டது. அப்பா திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு மட்டும் என்ன சந்தேகம் இருந்துச்சு? முதல் வாரத்திலேயே எல்லாம் தெரிஞ்சுபோச்சு. உங்களப் பாக்கத்தான் வந்தேன்."

அவன் நிமிர்ந்தான்.

"எங்க வீட்டு மொட்டும் இந்த வாரம் விரிஞ்சிடும். வாங்க... அப்பா இருக்கும்போதே வாங்க. இந்தத் தடவ நான் குனிஞ்சுக்க மாட்டேன்."