ஒன்பதாம் மாடியில் ஓர் இகுவானா

வியாழக்கிழமை, காலை 10.20. சுங்கை பினாங் அடுக்குமாடி வீடு.

இகுவானா செத்துக் கிடந்தது. பல்லி இனம், நாலடி நீளம். கண்ணாடித் தொட்டியின் மூலையில் வாலைச் சுருட்டி, வாயை லேசாகத் திறந்தபடி. கால்நடை மருத்துவர் ரூபினி கையுறை மாட்டி அதைத் தொட்டுப் பார்த்தாள். செத்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது.

"மனுஷனா இவன்?" என்று பல்லைக் கடித்தார் சோதனைக்குத் தலைமை தாங்கி வந்த வனவிலங்குத் துறை அதிகாரி ஷேக் அலாவுதீன். லிப்ட் வேலை செய்யாததால் ஒன்பது மாடி ஏறி வந்திருந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இந்த ரூம்லயாவது கொஞ்சம் குளுகுளுன்னு இருக்கு."

செவ்வாய்க்கிழமை பெயரில்லாமல் ஒரு புகார் வந்திருந்தது. வீட்டில் பாம்பு, பல்லிகளை அடைத்துப் பட்டினி போட்டுச் சாகடிக்கிறார்கள் என்று ஒரே வரி. கதவைத் தட்டியும் ஆள் இல்லாததால் பூட்டை உடைத்து நுழைந்திருந்தார்கள்.

மீதித் தொட்டிகளில் இரண்டு மலைப்பாம்புகள், மூன்று பல்லிகள். எல்லாம் துவண்டு கிடந்தன. வெள்ளை மலைப்பாம்பு எலி ஒன்றைக் கக்கியிருந்தது. எலி பாதிகூடச் செரித்திருக்கவில்லை. தொட்டி மேலிருந்த வெப்பமானியில் எண்ணே தெரியவில்லை. உரிமங்கள் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. மருந்துப் புட்டி, விளக்கு, தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றிலும் வாங்கிய தேதி கறுப்பு மையில் எழுதியிருந்தது.

காப்பகம் நடத்தும் தனேஷ் துணிப்பைகளோடு உள்ளே வந்தான். பறிமுதலாகும் விலங்குகள் வழக்கு முடியும்வரை பத்து காவான் என்ற ஊரில் அவன் காப்பகத்தில்தான் இருக்கும். கையில் ஒரு பெட்டி. அதற்குள் துண்டு சுற்றிய சுடுதண்ணீர் போத்தல்கள்.

"கீழ வண்டியிலேர்ந்து தயாரா எடுத்துட்டு வந்தேன் டாக்டர். பாவம், வாயில்லா ஜீவன்."

"உன்னை மாதிரி நாலு பேர் வேணும் தம்பி," என்று அலாவுதீன் அவன் தோளைத் தட்டினார்.

10.45. வீட்டுக்காரர் தங்கராஜு வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். புறங்கையில் மருத்துவமனைப் பிளாஸ்திரி. அவரைத் தாங்கிக்கொண்டு அக்கா மகள் சாந்தினி.

இகுவானாவைப் பார்த்ததும் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பச்சையப்பா… டேய்…"

"நடிக்காதய்யா! வளர்க்கத் துப்பில்லன்னா எதுக்கு லைசன்ஸ்?" அலாவுதீனின் குரல் நடைபாதைவரை கேட்டது. அங்கே பக்கத்து வீட்டார் கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"டெங்கி காய்ச்சல் சார்! சனிக்கிழமையிலேர்ந்து ஆஸ்பத்திரியில கெடந்தேன். பதினேழு வருஷமா வளத்தவன் நான். நானா கொல்லுவேன்?"

ரூபினி அவர் பக்கத்தில் குந்தினாள். "அங்கிள், வெள்ளைப் பாம்புக்குக் கடைசியா எப்ப தீனி?"

"வெள்ளிக்கிழமை. ஒரு எலி."

"நீங்க இல்லாதப்போ யாரு பாத்துக்கிட்டது?"

சாந்தினி அழுதாள். "எனக்குப் பாம்புன்னாலே பயம்க்கா. ஊர்வன வளக்குறவங்க குரூப்ல ஞாயித்துக்கிழமை உதவி கேட்டு எழுதினேன். ஒருத்தர் நான் பாத்துக்கறேன், சாவியை வாசல்ல கழட்டி வச்ச சப்பாத்துக்குள்ள வச்சிடுங்கன்னாரு. ஆளை நான் பாக்கவே இல்ல. இப்ப அந்த நம்பர் கெடைக்கல."

ரூபினி எழுந்தாள். சாத்திய சன்னல், அதற்கு மேலே பழைய ஏர்கான்.

"இதைப் போடுவீங்களா அங்கிள்?"

"மக கல்யாணம் ஆகிப் போனதுலேர்ந்து தொட்டதே இல்ல. இந்த ஜீவனுங்களுக்குக் குளிர் ஆகாது. அதான் ரிமோட்டுல பேட்டரியக்கூட எடுத்துட்டேன்."

ரிமோட் அலமாரி மேல் இருந்தது. அவள் பின்மூடியைக் கழற்றினாள். இரண்டு பேட்டரிகள். இரண்டிலும் கறுப்பு மையில் தேதி.

"இது என் கையெழுத்து!" தங்கராஜு திகைத்தார். "வெப்பமானியில போட்டிருந்தது!"

11.10. ரூபினி கதவைச் சாத்தினாள்.

"சார், இங்க யாரும் பட்டினியால சாகல. வெள்ளிக்கிழமை முழுங்குன எலி, ஆறு நாளாகியும் செரிக்காம வெளிய வந்திருக்கு. உடம்பு சூடா இருந்தாத்தான் பாம்புக்குச் செரிக்கும். பினாங்கு வெயில்ல விளக்கே இல்லாட்டியும் அது சூடாத்தான் இருக்கும். வெளியில இப்படிக் கொளுத்துது, ரூம் மட்டும் எப்படிக் குளுகுளுன்னு இருக்கு? சாவி கெடச்ச ஆளு வெப்பமானியோட பேட்டரியை ரிமோட்டுல போட்டு, நாள் கணக்கா ஏர்கானை ஓட விட்டிருக்கான். நாம வர்றதுக்கு முன்னாடிதான் நிறுத்தியிருக்கணும். வயசான இகுவானா தாங்கல."

"யாரு டாக்டர்?"

அவள் திரும்பினாள். "தனேஷ், புகார்ல என்ன இருந்துச்சு?"

"பட்டினின்னு…"

"பட்டினி கெடந்த ஜீவனுக்குச் சுடுதண்ணி போத்தல் எதுக்கு? நாங்க எல்லாம் வேர்த்து விறுவிறுத்து ஏறி வந்தோம். இந்த ரூம் குளிர்ந்து கெடக்கும்னு கதவு திறக்கறதுக்கு முன்னாடியே உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

தனேஷ் கைப்பேசியை எடுத்து அவசரமாக எதையோ அழிக்கப் பார்த்தான். அலாவுதீன் அதைப் பிடுங்கினார். அதில் வெள்ளைப் பாம்பின் படம், தங்கராஜு வீட்டுத் தொட்டியிலேயே எடுத்தது. புதன்கிழமையே யாருக்கோ அனுப்பியிருந்தான். 'வியாழன் கையில கெடச்சிடும்' என்று கீழே எழுதியிருந்தது.

"பட்டினி மாதிரி துவள வச்சு, புகாரும் நீயே அனுப்பி, பறிமுதல்ல கெடச்சதும் செத்துப்போச்சுன்னு எழுதிட்டு வித்திடுவே. அதுக்காகத்தான் சாகாம பாத்துக்க போத்தல். அப்படித்தானே?" ரூபினி அவன் முகத்துக்கு நேரே கேட்டாள்.

அவனைக் கீழே கொண்டுபோனதும் அலாவுதீன் தங்கராஜுவிடம் தணிந்த குரலில் சொன்னார். "தப்பா பேசிட்டேன்ணே. மன்னிச்சிடுங்க."

தங்கராஜு அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எங்கிட்ட என்ன மன்னிப்பு? அவன்கிட்ட இன்னும் எத்தன உயிரைத் தூக்கிக் கொடுத்தீங்க? போய்ப் பாருங்க."

பிற்பகல் 2.40. பத்து காவான் காப்பகம்.

அந்த வருஷம் தனேஷிடம் ஒப்படைத்தவை இருபத்தொன்று. கூண்டுகளில் இருந்தவை நான்கு. மீதிப் பதினேழுக்கும் கோப்பில் தாள்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 'நோயால் இறந்தது'. ஒவ்வொன்றின் அடியிலும் மருத்துவர் கையெழுத்து: ரூபினி. அவன் தொலைபேசியில் சொல்லுவான். அவள் வேலை நெருக்கடியில், உடலைப் பார்க்காமலே போட்டு அனுப்புவாள்.

"விடுங்க டாக்டர். அவன் ஏமாத்துவான்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றார் அலாவுதீன்.

"பாக்காமத்தான் கையெழுத்துப் போடறேன்னு எனக்குத் தெரியும் சார்."

பதினேழு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவரிடம் நீட்டினாள்.

"கேஸ்ல சேருங்க. என் பேரோட."