தூரத்துக் கல்லூரி

"நான் இந்த வீட்டை விட்டுப் போனா போதும்னு இருக்கா உனக்கு?"

மகள் கேட்டதும் தாய் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். மருத்துவக் கல்லூரி விருப்பப் பட்டியலைப் பதிவு செய்ய அன்று மதியம்வரைதான் நேரம். சர்ஜன் ஆகியே தீருவேன் என்று பத்து வயதிலிருந்து சொல்லிவரும் பெண், பேருந்தில் இருபது நிமிடத் தொலைவிலுள்ள புதுக் கல்லூரியை முதலில் போட்டிருந்தாள். தாயோ, ஓர் இரவு ரயில் பயணத்துக்கு அப்பால் இருக்கும் பழைய கல்லூரியை முதலில் போடு என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"எங்க அண்ணன் போனப்புறம் உங்களுக்குன்னு இருக்கிறது இவ ஒருத்திதான் அண்ணி. இவளையும் துரத்தணுமா?" என்று நாத்தனார் தூபம் போட்டாள். "போன வாரம் இவ பிறந்த நாள் அன்னிக்கு, தொடர்ந்து ரெண்டு நாள் டியூட்டின்னு போனீங்களே... ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணேன். நீங்க லீவுன்னு சொன்னாங்க!"

"எங்கம்மா போயிருந்த? பொய் சொல்லிட்டு..." மகளின் குரல் உடைந்தது.

ஆபரேஷன் தியேட்டரில் இருபத்திரண்டு வருடமாக, டாக்டர் கையை நீட்டினால் கேட்காமலே சரியான கருவியை அதில் வைக்கும் நர்ஸ் அவள். இப்போது கைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை நீட்டினாள்.

அவள் கையெழுத்துதான். இரண்டு கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் தியேட்டர் வாசலில் ஒட்டியிருந்த ஒரு நாள் ஆபரேஷன் பட்டியலின் எண்ணிக்கை. பக்கத்துக் கல்லூரியில் ஐந்து. தூரத்தில் நாற்பத்தொன்று. அடியில் எழுதியிருந்தாள்: 'இங்கே மாணவர்கள் ஆபரேஷனைத் திரையில்தான் பார்க்கிறார்கள். அங்கே அவசரப் பிரிவில் கடைசி வருடப் பெண் ஒருத்தி தையல் போட்டாள். கை நடுங்கியது. பெரிய டாக்டர் திட்டவில்லை, பக்கத்திலேயே நின்றார்.'

"பிறந்த நாள்ல அங்கயா போயிருந்த? முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

"சொல்ல வாயைத் திறந்தா, போகாதேடின்னுதான் வருது!" தாய் தேம்பினாள். "வர்ற வழியெல்லாம் உன் காலிக் கட்டில்தான் கண்ணுல நின்னுச்சு... ஆபரேஷன் மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டரா நிக்கணும்னு எனக்கும் ஆசை இருந்துச்சு. நர்ஸ் படிப்பே போதும்னுட்டார் எங்கப்பா. நீ நிக்கணும். நிக்கிறப்ப உன் கை நடுங்கக் கூடாது."

"உன் முதுகு வலிக்கு யாரு தைலம் தேய்ப்பாங்கன்னுதான் நான் பக்கத்துலயே..."

"ஏன், என் கை என்ன ஒடிஞ்சா போச்சு?" நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "என்னை மன்னிச்சிடுங்க அண்ணி."

மகள் கணினி முன் உட்கார்ந்தாள். தூரத்துக் கல்லூரியை முதலிடத்துக்கு ஏற்றினாள். பிறகு திரும்பிப் பார்க்காமல், உள்ளங்கையை விரித்துப் பின்னால் நீட்டினாள்.

நீட்டிய கையில் எதை வைக்க வேண்டும் என்று அந்தத் தாய்க்கு எப்போதும் தெரியும். தன் கையை வைத்தாள். அதை இறுகப் பிடித்துக்கொண்டுதான் மகள் மறு கையால் பொத்தானை அழுத்தினாள்.