கீழிருந்து வந்த ஓ.டி.பி.

ஜாய் அன்று எதுவும் வாங்கவில்லை, யாருக்கும் பணம் அனுப்பவும் இல்லை. ஆனாலும் அலமாரி மேல் கிடந்த பட்டன் போனில் ஓ.டி.பி. ஒன்று வந்து நின்றது. ஆறு இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் 111 மட்டும். அனுப்பியவர் பெயர் இல்லை.

அந்த மலிவு போன் வங்கிக்கென்றே வாங்கியது. ஸ்மார்ட்போன் வழியாக எவனோ புகுந்து பக்கத்து வீட்டு ராஜப்பாவின் பென்ஷனைச் சுருட்டிக்கொண்டு போனதிலிருந்து, ரகசிய எண் எல்லாம் நெட் இல்லாத இதற்குத்தான் வரும். இதற்குள் யாரும் நுழைய முடியாது என்று அவளுக்கு ஒரு தைரியம்.

மாமனார் சுந்தரராஜ் குழந்தை மரியாவை மடியில் வைத்தபடி எட்டிப் பார்த்தார். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜுக்கு மணி அடித்தே தலை நரைத்தவர்.

"மூணு தபா மணிம்மா. கீழ ஆளுங்க ஏறி நின்னுனு கீறாங்க. அதே மூணை நாம திருப்பி அடிச்சாத்தான் கேஜ் நகரும்."

"சுரங்கம் மூடி எத்தினி வருசம் ஆச்சு மாமா. இது திருட்டுப் பசங்க வேலை. யார் கேட்டாலும் நம்பரச் சொல்லிடாதீங்க."

"பதில் குடுக்காம இன்னா பண்றது? இருட்டுல நிப்பாங்க, பாவம்."

அவள் சிரித்துக்கொண்டே கொல்லையில் துணி எடுக்கப் போனாள். அந்தி மங்கிக்கொண்டிருந்தது; தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மண்மேட்டிலிருந்து கிளம்பிய காற்று பொடியை வாரிக்கொண்டு வந்து கொடித் துணிகளை அலைக்கழிக்க, அதனூடே ஊறிய கல்லும் வெடிமருந்தும் வியர்வையும் கலந்த ஒரு வாடை அவள் காலடியிலிருந்து எழுந்து வந்தது. உள்ளே போன் அடித்தது. மாமனார் மேலதிகாரியிடம் பேசுவது போல அடக்கமாகப் பேசினார்.

"சொல்றேன்பா. ஒண்ணு... ஒண்ணு..."

"மாமா, வேணாம்."

"...ஒண்ணு."

தரை அதிர்ந்தது. அடுக்களையில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசின. வெகு ஆழத்தில் இரும்புக் கயிறு சுற்றும் ஓசை கிளம்பி, மேலே மேலே ஏறி, வீட்டுக்கு அடியில் வந்து நின்றது. ஜாய் துணிகளைப் போட்டுவிட்டு ஓடினாள். பணம் போனால் போகட்டும். குழந்தை. குழந்தை எங்கே?

நாற்காலி காலி. தெருக்கதவு திறந்திருந்தது.

தெரு இல்லை. எதிர்வீட்டு விளக்கு இல்லை. வாசற்படியை ஒட்டி, நீர் சொட்டச் சொட்ட, கேஜ். உள்ளே தலைவிளக்குகள். சேறு அப்பிய ஆட்கள் தோளோடு தோள் நின்றார்கள். ஒருவருக்கும் மார்பு ஏறி இறங்கவில்லை. ஒருவரும் வெளியே இறங்கவும் இல்லை.

சுந்தரராஜ் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அவர்கள் நடுவில் நின்றார்.

"அவங்க வெளிய போக வர்ல. நம்மளக் கீழ இட்டும்போக வந்துகீறாங்க. ஏறும்மா."

மரியா அவர் கையில் இல்லை. பின்வரிசையில், எவனோ ஒருவனின் தோளில் இருந்தாள். அவன் கன்னத்துச் சேற்றைப் பிய்த்துப் பிய்த்துச் சிரித்தாள். பிய்ந்த இடத்தில் அடியிலும் சேறுதான்.

ஜாய் படிமேல் நின்றாள். தாய் வேறு என்ன செய்வாள்? காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

அவர்கள் சற்று ஒதுங்கி இடம் விட்டார்கள்.