தொட்டிக்கு ஓர் இடம்

பச்சை பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியின் மூடி நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. தையல்காரி முதலில் வெயிலைத்தான் திட்டினாள். பிறகுதான் அங்கே வெயிலே விழாது என்பது நினைவுக்கு வந்தது. பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். நாள் முழுக்க சிமெண்ட் தூசி பறந்துவந்து, கொடியில் காயும் துணி, ஜன்னல் கண்ணாடி என்று எதையும் விட்டுவைக்காமல் படியும். மூடியின் மேலும் மாவு சலித்ததுபோல் படிந்திருந்தது. காய்கறித் தோலைக் கொட்ட வந்தவள் குனிந்து பார்த்தாள். தூசியில் இரண்டு வெறுங்கால் தடங்கள் அருகருகே பதிந்திருந்தன.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இந்த வாடகை வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. முதலில் தொட்டியை கேட் அருகே வைத்தாள். நாய்கள் உருட்டிவிட்டுத் தெருவெல்லாம் கடை பரப்பின. சமையலறைக் கதவுப் பக்கம் வைத்தாள். ஈ மொய்த்தது, கணவன் மூக்கைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தான். கடைசியில்தான் பக்கச்சுவர் கண்ணில் பட்டது. மகளின் அறை ஜன்னலுக்கு நேர் கீழே சிமெண்ட் தளம், நாள் முழுக்க நிழல், காற்றும் எதிர்ப்பக்கம்தான் அடிக்கும். தரை அங்கே தாழ்வாக இருந்ததால் ஜன்னல் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. வாடை உள்ளே போக வழியில்லை. பதினைந்து நாட்களுக்கு முன் தொட்டியை அங்கே நிறுத்தியபோது தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டாள்.

இப்போது கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துத் தடத்தின் மேல் பிடித்தாள். நீளம் பன்னிரண்டரை அங்குலம். அகலம் இரண்டே அங்குலம். ஊரில் பாதிப் பேரை அளந்த கை அது. இந்த அளவுக்கு ஓர் உடம்பை அவளால் மனத்தில் நிறுத்த முடியவில்லை. துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையிலும் இருந்தது. அதற்கு மறுநாளும்.

அப்போதுதான் அவள் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள். அந்த ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. ஆறு வயதுப் பிள்ளை உள்ளே தனியாகப் படுக்கிறாள். எவனோ தொட்டிமேல் ஏறி நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"பட்டு, ஜன்னல்கிட்ட வெளியிலேருந்து யாராச்சும் எட்டிப் பாத்தாங்களா?" என்று மகளிடம் கேட்டாள்.

"வெளியிலேருந்து யாரும் பாக்கலம்மா," என்றாள் பட்டு, எழுதுவதை நிறுத்தாமல்.

கணவன் குளிர்பான ஆலையில் மாலை ஷிப்டு. கிளம்பும் அவசரத்தில் இருந்தான். "பூனையா இருக்கும்," என்றான்.

"பன்னெண்டரை அங்குலத்துக்குப் பூனையாங்க?"

"சரி, போட்டோ எடுத்து அனுப்பு, டீ நேரத்துல பாக்கறேன். முதல்ல அந்தத் தொட்டிய அங்கேருந்து எடு. ஏற வழியில்லன்னா எவன் வரப்போறான்?"

அதுவும் சரிதான் என்று பட்டது. படம் எடுத்து அனுப்பிவிட்டாள். வந்திருந்த ரவிக்கைகளைத் தைத்து முடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. பட்டுவை அவள் அறையில் வீட்டுப்பாடத்தோடு உட்காரவைத்து, விளக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். கட்டட வேலைக்காரர்கள் போயிருந்தார்கள். ஈரச் சிமெண்ட் வாடையும் தொட்டியின் புளித்த வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறின. இருட்டு இன்னும் முழுதாகக் கவியாத அந்த நேரத்தில் சுவரும் செடியும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து கிடக்க, தொட்டிச் சக்கரங்கள் கடகடவென்று போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். தொட்டி போன இடத்தில் தளம் மட்டும் சதுரமாக, தூசியில்லாமல் இருந்தது. கேட் வரைக்கும் இழுத்துப்போய் நிறுத்தினாள். அப்பாடா என்றிருந்தது.

கைபேசி அடித்தது. கணவன்தான்.

"போட்டோவப் பாத்தேன். தொட்டிய எந்தப் பக்கம் நின்னு எடுத்த?"

"பக்கத்து மனைப் பக்கம் நின்னு. சுவர் எதுத்தாப்புல இருக்கு. ஏன்?"

"ஜன்னலப் பாக்க ஏறுனவனா இருந்தா விரல் சுவத்தப் பாத்துல்ல இருக்கணும்? இதுல குதிகால்தான் சுவர் பக்கம் இருக்கு. விரலெல்லாம் உன்னப் பாத்து நிக்குது."

"அதனால என்ன?"

ஆலை இரைச்சலுக்கு மேல் அவன் குரலை உயர்த்தினான்.

"இது ஏறுன கால் இல்ல. எறங்குன கால். ஜன்னல்லேருந்து வெளிய வந்திருக்கு. நீ முதல்ல பாப்பாவத் தூக்கிட்டு வெளிய வா."

அவள் தடங்களை நினைத்துப் பார்த்தாள். மூன்று நாளும் அப்படித்தான். விரல் வெளியே பார்த்து. திரும்பி ஏறிய தடம் ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு வந்த புதிதில் பட்டு இரண்டு வாரம் தூங்கவேயில்லை. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கைப் பார்த்துப் பார்த்து அழுதாள். தொட்டியை அங்கே வைத்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தாள். அறை பழகிவிட்டது என்று தாய் நினைத்துக்கொண்டாள்.

நிமிர்ந்து பார்த்தாள்.

பட்டுவின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளிருந்து வந்த விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கால்கள் வெளியே நீண்டு தொங்கின. ஒல்லியான, நீளமான கால்கள். சுவரை ஒட்டிக் கீழே இறங்கின. இன்னும் இறங்கின. விரல்கள் விரிந்து காற்றில் துழாவின. மூடியைத் தேடின.

கைபேசி எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. தொட்டியைப் பிடித்துத் தள்ளினாள். வந்த வழியே. அது போகட்டும். இறங்கிப் போய்விடட்டும். ஒரு சக்கரம் கல்லில் மாட்டியது. தூக்கினாள். தொட்டி சாய்ந்து மூடி திறந்து, தோலும் தாளும் காலடியில் கொட்டின. வழுக்கியது. முழங்கால் தரையில் மோதியது. எழுந்தாள். தள்ளினாள்.

இன்னும் பத்தடி இருந்தது.

இடது கால் ஒருமுறை எட்டிப் பார்த்தது. வலது கால் ஒருமுறை. பிறகு இரண்டும் அசையாமல் நின்றன.

"வந்துட்டேன்," என்று அவள் அந்தக் கால்களிடம் கெஞ்சினாள். "இதோ வச்சுடறேன். எறங்கு. எறங்கிடு."

கால்கள் ஒவ்வொன்றாக மடங்கி உள்ளே போயின.

"அம்மா," என்று பட்டுவின் குரல் கேட்டது. "இன்னிக்கு இது போகமாட்டேங்குது."

ஜன்னல் உள்ளிருந்து மெதுவாகச் சாத்தப்பட்டது. விளக்கு அணைந்தது.